மைனஸ் பக்கத்துக் கறுப்பு

மொத்தம் அறுபத்தோரு வில்லைகள். அவற்றில் இரண்டுகூட ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்றால் எந்த மனுஷிக்கும் எரிச்சல் வரத்தான் செய்யும். பாமாவுக்கு வந்திருந்தது இரண்டரை வருஷத்து எரிச்சல். அது நன்றாகப் பழகிப்போய், காலையில் பல் தேய்க்கும்போதே பக்கத்தில் வந்து நின்றுகொண்டது.

விஷயம் இதுதான். சிர்கோனியா என்று ஒரு வெள்ளைப் பொடி, பீங்கான் ஜாதி. அதை அச்சில் அழுத்தி ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வில்லையாக்கி (ஆய்வகத்தில் பெல்லட் என்பார்கள்), உலையில் ஆயிரத்து நானூற்றைம்பது டிகிரி வரை சூடேற்றினால், உருகாமலே பொடி ஒன்றோடொன்று ஒட்டிச் சுருங்கிக் கல்லாக இறுகிவிடும். இதற்குப் பெயர் சிண்டரிங். அதே வில்லையின் இரண்டு பக்கமும் உலோகம் பூசி, ஒரு பக்கம் பிளஸ், மறுபக்கம் மைனஸ் என்று மின்சாரம் கொடுத்துக்கொண்டே சூடேற்றினால் ஆயிரத்து ஐம்பதிலேயே காரியம் முடிந்துவிடுகிறது. அது ஏன், பூசுகிற உலோகம் மாறினால் என்ன மாறுகிறது என்பதுதான் பாமாவின் பி.எச்டி. பிளாட்டினம் பசை, பிளாட்டினம் தகடு, வெள்ளியும் பல்லேடியமும் கலந்த பசை என்று மூன்று வகை வைத்திருந்தாள். என்ன ஆராய்ச்சி என்று கேட்டவர்களுக்கு இதை இப்படியே பொறுமையாகச் சொல்வாள். அவர்கள், "ஓ, டைல்ஸ் மாதிரியா?" என்பார்கள். அதற்கும் எரிச்சல் வரும்.

வருஷம் இரண்டாயிரத்து ஒன்பது. பாமாவுக்கு முப்பத்தொன்பது வயது. பெங்களூர் தொம்மலூரில் வீடு, பொம்மனஹள்ளி தாண்டி ஒரு பொறியியல் கல்லூரியில் வேலை. ஓசூர் ரோட்டில் மேம்பாலத் தூண்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம். சில்க் போர்டு சந்திப்பில் ஸ்கூட்டரை நிறுத்தி காலை ஊன்றினால், அடுத்து எடுப்பதற்குள் ஒரு பாடத்தைத் தயார் செய்துவிடலாம். கல்லூரி போக, வாரத்தில் மூன்று நாள் ஊரின் மறுகோடியிலிருந்த ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போவாள். பகுதிநேரப் பதிவு. ஏழு வருஷத்துக்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட வேண்டும். அந்த ஏழு வருஷம் செப்டம்பர் முப்பதாம் தேதி முடிகிறது. முடிந்தால் பதிவு ரத்து. படித்தது, அளந்தது, எழுதியது எல்லாம் பழைய பேப்பர். இதை அவளுடைய கணவன் சுதீர்கூட மனப்பாடம் செய்திருந்தான். "இன்னும் எத்தனை நாள்?" என்று கேட்பதை மட்டும் போன மாசத்தோடு நிறுத்திக்கொண்டான், புத்திசாலி.

வில்லைகளின் தொல்லை விசித்திரமான தொல்லை. குறுக்களவு எல்லாவற்றிலும் சமர்த்தாக ஒத்துப்போகும். தடிமன்தான் படுத்தும். ஒரே சூடு, ஒரே மின்சாரம், ஒரே பசை. ஒரு வில்லை இவ்வளவு சுருங்கும், அடுத்தது அதைவிட அதிகமாக. ஆனால் எதிர்பார்த்ததைவிட அதிகமாகச் சுருங்கியிருக்கும், அது மட்டும் நிச்சயம். மின்சார வாரியத்தைத் திட்டினாள். பெங்களூர் மழையைத் திட்டினாள். உலைக்குள் வெப்பம் அளக்கிற கம்பியை மூன்று தடவை மாற்றினாள். வழிகாட்டிப் பேராசிரியர் வெங்கடசுப்ரமணியன் இதிலிருந்து ஒரு கொள்கையே கட்டியெழுப்பிவிட்டார்: மின்புலம் தான் பாயும் திசையிலேயே வில்லையைக் கூடுதலாகச் சுருக்குகிறது! இதை ஒரு கருத்தரங்கில் பாமா வாசித்துக் கைதட்டல்கூட வாங்கியாயிற்று. ஆய்வேட்டில் அது நாலாவது அத்தியாயம், மற்றதெல்லாம் அதற்கு முன்னுரையும் பின்னுரையும்.

பாமா கல்லூரியில் இருக்கும் நாள்களிலும் வேலை நடந்ததற்குக் காரணம் கிளாரன்ஸ். ஆய்வகத்தின் டெக்னீஷியன், மர்பி டவுன்காரர், ஐம்பத்திரண்டு வயது. வருஷாவருஷம் அக்டோபரில் புதுப்பிக்கிற ஒப்பந்த வேலையிலேயே பதினோரு வருஷம் ஓட்டியவர். பசை பூசுவது, உலையை ஏற்றுவது, மறுநாள் காலை உலை ஆறியதும் வில்லையை எடுத்து மேலே ஒட்டியிருக்கும் உலோகப் பூச்சைச் சுரண்டி நீக்குவது, பழைய ஃபிலிம் ரோல் டப்பாவில் பஞ்சு வைத்து அதன்மேல் வில்லையை வைத்து எண் எழுதி ஒட்டுவது, எல்லாம் அவர். பாமா வந்து டப்பாவைத் திறந்து அளப்பாள். அளந்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொள்வாள்.

ஜூலை கடைசியில் ஆய்வுக் குழுவின் இறுதிப் பரிசீலனை நடந்தது. குழுவில் வெளியாள் ஒருத்தர், ஜெயராமன் என்று பெயர். ஏதோ மின்கருவிக் கம்பெனியில் முப்பது வருஷம் பீங்கானோடு மல்லுக்கட்டி ஓய்வுபெற்றவர். எல்லாரும் காபி குடித்து முடிக்கிற சமயத்தில் அவர் வில்லைகளில் பத்தைக் கையில் கொட்டிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"கறுப்பு எங்கே?" என்றார்.

"எந்தக் கறுப்பு சார்?" என்றாள் பாமா.

"டி.சி. கரண்ட் குடுத்தா மைனஸ் பக்கம் ஆக்ஸிஜன் கொறஞ்சு சிர்கோனியா கறுத்துப் போகுமேம்மா. நாப்பது வருஷமா எல்லாரும் எழுதியிருக்கா. உன்னோடது எல்லாம் மல்லிப்பூவா இருக்கே. எப்படி?"

பேராசிரியர் குறுக்கே வந்தார். "அதான் எங்க பூச்சோட விசேஷம். கிளாரன்ஸ் பூசறது நல்ல நுண்துளைப் பூச்சு. காத்துல இருக்கற ஆக்ஸிஜன் உள்ளே போயிண்டே இருக்கு. கறுக்க வாய்ப்பே இல்லை."

"தகடு வெச்சதும் வெள்ளையா இருக்கே. தகட்டுல ஏது துளை?"

பேராசிரியர் பிஸ்கட் தட்டை ஜெயராமன் பக்கம் நகர்த்தினார். ஜெயராமன் பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு, கேள்வியையும் விடாமல், "ஒண்ணு மறுபடி பண்ணிக் காட்டச் சொல்லுங்கோ, கையெழுத்துப் போட்டுடறேன்" என்றார்.

எண் வரிசையில் சேராத சோதனை வில்லை ஒன்று பண்ணிக் காட்டுவது ஒரு பெரிய காரியமா? பாமா கல்லூரியில் லீவு போட்டாள். கிளாரன்ஸுக்கு அந்த வாரம் அவருடைய சர்ச்சில் ஏதோ விசேஷம், மூன்று நாள் வரவில்லை. அதனால் என்ன, நானே செய்கிறேன் என்று அவளே பசை பூசினாள், அவளே உலையை ஏற்றினாள், மறுநாள் காலை அவளே திறந்து பூச்சைச் சுரண்டினாள். பிளஸ் பக்கம் வெள்ளை. மைனஸ் பக்கம் தோசைக்கல் மாதிரி கறுப்பு.

அவளுக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? தன் கை சரியில்லை என்று. இரண்டாவது வில்லைக்கு இன்னும் மெல்லிசாகப் பூசினாள். கறுப்பு. மூன்றாவதை வெள்ளி கலந்த பசையில் செய்தாள். அதுவும் கறுப்பு, கொஞ்சம் ஆழம் குறைவு. பேராசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டினால் அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "உனக்குப் பூச வரலைம்மா. கிளாரன்ஸுக்கு அது கைவந்திருக்கு. அவனை விட்டே பண்ணச் சொல்லேன், ஏன் படுத்திக்கறே" என்றார். பொறியியல் பட்டம் இரண்டு வாங்கிய பாமா, பசை பூசத் தெரியாதவள் என்று பெயர் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அன்றைக்கு சுதீர் செய்து வைத்திருந்த உப்புமாவில் உப்பில்லை என்று அவனோடு ஒரு சண்டை.

கிளாரன்ஸ் திரும்பி வந்தார். சோதனைக்கு ஒரு வில்லை செய்யுங்கள் என்றாள். செய்தார். வழக்கமாக அவள் வருவது பதினோரு மணிக்கு. மறுநாள் அவர் பூச்சு நீக்குகிற நேர்த்தியையாவது பார்ப்போம் என்று எட்டே காலுக்கே போய்விட்டாள். கிளாரன்ஸ் ஜன்னலோரம் ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு கண்ணாடிப் பலகையில் உப்புத்தாளை விரித்துத் தண்ணீர் விட்டு, வில்லையை விரலால் அழுத்தி வட்ட வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் மை கரைத்த மாதிரி இருந்தது.

"என்ன பண்றீங்க கிளாரன்ஸ்?"

"சாஃப் பண்ணினு இருக்கேன் மேடம். ஒரு பத்து நிமிஷம். அந்தாண்ட உக்காருங்க."

"பிளாட்டினம்தான் போயிடுச்சே. இன்னும் எதைத் தேய்க்கறீங்க?"

"இந்தக் கறுப்பு மேடம். இது லேசுல போவாது. மைனஸ் பக்கம் உள்ளார எறங்கிக்கிது. தகடு வெச்சதுன்னா ரொம்ப பேஜாரு, அரை மணி நேரம் ஆவும்."

பாமா உட்காரவில்லை. உட்கார நாற்காலி எங்கே இருந்தது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. "எப்பலேருந்து இப்படித் தேய்க்கறீங்க?" என்றாள்.

"எப்பலேருந்துன்னா? மொதல்லேருந்துதான். நாலாவது பெல்லட்லேருந்து."

கூடுதல் சுருக்கம்! மின்புலம் பாயும் திசையிலேயே! கருத்தரங்கு, கைதட்டல், நாலாவது அத்தியாயம் எல்லாம் உப்புத்தாள். கறுப்பு ஆழமாக இறங்கிய வில்லையை அதிகம் தேய்த்தார், தடிமன் அதிகம் குறைந்தது; ஆழம் குறைந்ததைக் குறைவாகத் தேய்த்தார். இரண்டரை வருஷமாக அவள் அளந்து கணினியில் ஏற்றிக் கோடு வரைந்தது மர்பி டவுன் கிளாரன்ஸின் சுட்டுவிரல் பலத்தை. இதில் இன்னும் கொடுமை, எந்தப் பூச்சுக்கு எவ்வளவு கறுப்பு என்பதுதான் அவள் கண்டுபிடிக்க வேண்டிய விஷயமே. அதைத்தான் மனுஷர் தினம் கழுவித் தொட்டியில் ஊற்றியிருக்கிறார்.

"யாருங்க உங்களைத் தேய்க்கச் சொன்னது?" அவள் குரல் பக்கத்து அறை வரை போயிருக்கும். "யார் சொன்னா? உங்களுக்கு என்ன தெரியும்னு தேய்ச்சீங்க?"

கிளாரன்ஸ் வில்லையைத் துணியில் துடைத்துக் கீழே வைத்தார்.

"நீங்கதான் மேடம் சொன்னீங்க."

"நானா!"

"மூணாவது பெல்லட்டு. மொத ரெண்டும் கரண்ட் இல்லாம பண்ணது, கரண்ட் குடுத்தது அதுதான் மொதல்ல. அன்னிக்கி வழில வண்டி பஞ்சரு, நீங்க வேர்த்துப்போய் வந்தீங்க. டப்பாவைத் தொறந்து பாத்தீங்க. 'இன்னா கிளாரன்ஸ் இது, கரி புடிச்சிருக்கு. கையைக் கழுவிட்டுத் தொட மாட்டீங்களா? இனிமே எனக்கு இந்த மாதிரி குடுக்காதீங்க, வெள்ளையா குடுங்க'ன்னீங்க. நான் சொல்ல வந்தேன், இது கை அழுக்கு இல்ல, உலைலேயே இப்படித்தான் வர்துன்னு. நீங்க கேக்கல. போன்ல பேசினே போயிட்டீங்க."

பாமாவுக்கு ஞாபகம் வந்தது. வந்து தொலைத்தது என்று சொல்ல வேண்டும். பஞ்சர் ஞாபகம் வந்தது, அப்புறம் அந்தக் கறுத்த வில்லை. தான் சொன்னதும் வந்தது, வார்த்தை மாறாமல். அன்று ஆய்வகத்திலிருந்த மற்ற மாணவர்களுக்கு நடுவில் கையைக் கழுவச் சொன்னதும்.

ஞாபகம் வந்துவிட்டது என்பதற்காக உடனே ஒப்புக்கொண்டுவிட முடியுமா? செப்டம்பர் முப்பது கண்ணெதிரே நிற்கும்போது யாருக்கும் முடியாது. அவள் நேராகப் பேராசிரியர் அறைக்குப் போனாள்.

பேராசிரியர் எல்லாவற்றையும் கேட்டார். முகம் சுண்டிப்போயிற்று. எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் அந்தக் கொள்கை அவர் பெயரிலும் இருந்தது.

"இதோ பாரும்மா. இன்னும் ஒரு வருஷம் நீட்டிப்பு வாங்கிடலாம். விதி இருக்கு. மாணவர் கட்டுப்பாட்டுக்கு மீறின காரணம்னு குழுவுக்கு ஒரு லெட்டர். 'ஆய்வக ஊழியர் எங்களுக்குத் தெரிவிக்காமல் மாதிரிகளைத் தேய்த்துவிட்டார்.' ரெண்டு வரி போதும். நான் மேலொப்பம் போட்டு அனுப்பறேன்."

"அவர் ஒப்பந்தம் அக்டோபர்ல சார்."

"அவனுக்கு வேற எங்கேயாவது கிடைக்கும். கைவேலை தெரிஞ்சவன். உனக்கு இந்த ஏழு வருஷம் எங்கேயாவது கிடைக்குமா?"

"ஆனா நான்தான் சார் வெள்ளையா குடுங்கன்னு..."

"வாயால சொன்னியா, எழுதிக் குடுத்தியா? வாயால ஆயிரம் சொல்லுவோம். அவன் அளவுக்கு மேல தேய்ச்சான்னா அதை எழுதி வெச்சிருக்கணும். எழுதலை. அவன் தப்புதான். ஆய்வகப் பதிவேட்டைப் பார்த்துப் பக்க எண்ணெல்லாம் லெட்டர்ல போடு. சாட்சி வேணுமில்லையா?"

இதைக் கேட்டதும் பாமாவுக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி பரவியது என்பதை மறைப்பதில் அர்த்தமில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிற மாதிரியே இருந்தது. எழுதி வைத்திருக்கலாமே? ஒரு வார்த்தை எழுதியிருந்தால் நான் பார்த்திருக்க மாட்டேனா? அவள் மத்தியானமே கடிதத்தைத் தட்டச்சு செய்துவிட்டாள். சுருக்கமாக, மரியாதையாக, யார் பெயரும் சொல்லாமல். ஆய்வகத்தில் ஊழியர் என்று இருந்தது ஒரே ஒருத்தர் என்பதால் பெயர் தேவையும் இல்லை. பக்க எண்களுக்கு மட்டும் இடம் விட்டிருந்தாள்.

மூன்று மணிக்குப் பதிவேட்டை எடுத்துவந்தாள். கெட்டி அட்டை போட்ட நீளமான புத்தகம். உலை ஏற்றும் ஒவ்வொரு தடவையும் தேதி, சூடு, மின்னழுத்தம் எல்லாம் கிளாரன்ஸ் எழுதுவார், வாரக் கடைசியில் ஆராய்ச்சி மாணவர் கையெழுத்துப் போட வேண்டும். நாலாவது வில்லைக்கான பக்கத்தைத் திருப்பினாள். ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி கிளாரன்ஸின் கையெழுத்து. கடைசி வரி: "மைனஸ் பக்கம் கறுப்பு. மேடம் சொன்னபடி தேய்த்து நீக்கப்பட்டது. 20 நிமிடம்."

கீழே பச்சை மையில் பாமா என்ற கையெழுத்து.

அஞ்சாவது: "கறுப்பு நீக்கப்பட்டது. 15 நிமிடம்." பச்சைக் கையெழுத்து. ஆறாவது, ஏழாவது. பன்னிரண்டாவதில் அவர் கேள்விகூடக் கேட்டிருந்தார்: "தகடு வைத்ததில் கறுப்பு மிக ஆழம். இவ்வளவும் நீக்க வேண்டுமா? மேடம் சொல்லவும்." அதற்குக் கீழேயும் பச்சை மை, வால் நீட்டிய அதே அழகுக் கையெழுத்து. கேள்விக்குப் பதில் இல்லை. பதிமூன்றாவதில் அவர் மறுபடி கேட்கவில்லை, நீக்கிவிட்டார்.

ஐம்பத்தெட்டு பதிவுகள், ஐம்பத்தெட்டு கையெழுத்துகள். ஒன்றையாவது படித்துவிட்டுப் போட்டாளா? அவள் யோசித்துப் பார்த்தாள். வெள்ளிக்கிழமைகளில் போன் காதில் இருக்க, தோளில் பை தொங்க, பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் போட்ட கையெழுத்துகள். கல்லூரியில் மாணவர்களின் செய்முறை நோட்டுகளில் போடுவாளே, அதே வேகம்.

அவளுக்கு அவமானமாக இருந்தது. அழுகையும் வந்தது, ஆனால் அதையும் மீறி எரிச்சல். இத்தனை நாள் மின்சார வாரியத்தின் மேல் பட்ட எரிச்சல் எல்லாம் சேர்ந்து திரும்பி அவள் மேலேயே விழுந்தது. தட்டச்சு செய்த கடிதத்தைக் கிழித்தாள். வேறு எழுதினாள். கறுப்பை அழுக்கென்று நினைத்து நீக்கச் சொன்னது நான். ஊழியர் ஒவ்வொரு முறையும் எழுத்தில் தெரிவித்திருக்கிறார். நான் படிக்காமல் கையெழுத்திட்டேன். நாலாவது அத்தியாயத்தைத் திரும்பப் பெறுகிறேன். எட்டு வரி வந்தது.

பேராசிரியர் படித்துவிட்டுக் கத்தினார். அவர் கத்தி அவள் கேட்டதே இல்லை. "உனக்கென்ன பைத்தியமா? இதை அனுப்பினா நீட்டிப்பு கிடையாது! மாணவரோட கவனக்குறைவுன்னு ஆயிடும். கவனக்குறைவுக்கு விதியே இல்லை. அந்தப் பதிவேட்டை யார் பார்க்கப் போறா?"

"நான் பாத்துட்டேன் சார்" என்றாள் பாமா.

அவர் சொன்னபடியே ஆயிற்று. பத்து நாளில் பதில் வந்தது: உண்மையைத் தெரிவித்தமைக்குப் பாராட்டு, நீட்டிப்புக்கு வழியில்லை, கடைசித் தேதி செப்டம்பர் முப்பது. ஜெயராமன் மட்டும் போன் பண்ணினார். "பன்னெண்டு வில்லை பண்ணு, பூச்சுக்கு நாலா. கறுப்பு எவ்வளவு ஆழம்னு அளந்து எழுது. அதுவே போதும், முன்ன எழுதினதைவிட அது நல்ல அத்தியாயம். ஆனா நாளு இருக்கா?" என்றார். ஆகஸ்ட் பத்தொன்பது. நாற்பத்திரண்டு நாள். ஒரு வில்லைக்கு இரண்டு நாளாக இருபத்துநாலு நாள், மிச்சத்தில் எழுத வேண்டும். அதுவும் கிளாரன்ஸ் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வந்தால்தான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற மனுஷரை, அதுவும் இந்த மனுஷரை, எந்த முகத்தோடு கேட்பது? அந்தப் பத்து நாளும் கிளாரன்ஸ் அவளோடு பேசவில்லை. முறைக்கவும் இல்லை. கேட்டதைக் கொடுத்தார், "எஸ் மேடம்" என்றார். முதல் கடிதத்தைப் பற்றி அவருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு பேசுவதெல்லாம் ஆய்வகத்தில் அரை மணிக்குள் பரவிவிடும். இரண்டாவது கடிதத்தைப் பற்றி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நல்ல சேதிக்கு அந்த வேகம் கிடையாது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவர் முன்னால் போய் நின்றாள். "கிளாரன்ஸ், பன்னெண்டு பெல்லட் பண்ணணும். ஞாயித்துக்கிழமையும் வரவேண்டியிருக்கும். உங்களால முடியுமா?"

"வர்றேன் மேடம். சர்ச்சு முடிச்சினு பத்து மணிக்கு வர்றேன்." யோசிக்காமல் சொன்னார். பிறகு பதிவேட்டைத் திறந்து, புதுப் பக்கத்தில் ஏதோ நாலு வரி எழுதி அவள் பக்கம் திருப்பி வைத்தார். "இதுல ஒரு சைன் போடுங்க."

வருகிறேன் என்று சொல்லிவிட்டாரே என்ற சந்தோஷத்தில் பாமா பேனாவைத் திறந்து போட்டுவிட்டாள். பச்சை மை, நீட்டிய வால்.

"படிச்சீங்களா மேடம்?"

அவள் கை அப்படியே நின்றது. காது வரை சூடாயிற்று. குனிந்து படித்தாள். "சாம்பிள் 62 முதல் 73 வரை. பசை பூசுவது மேடம். உலை திறப்பது மேடம். பூச்சு எடுப்பது மேடம். மின்சாரமும் சூடும் கிளாரன்ஸ் பார்த்துக்கொள்வான். சாம்பிளைக் கிளாரன்ஸ் கையால் தொட மாட்டான்."

"இது எதுக்கு கிளாரன்ஸ்?"

"சொம்மாதான் மேடம். அப்பறம் ஏதாவது ஆச்சுன்னா என் கைன்னு வரக்கூடாது பாருங்க."

அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருக்கலாம். குரல் சாதாரணமாக, பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரலாக இருந்தது.

"இந்தக் கடைசி வரி வேண்டாம். அடிச்சுடலாம்."

"அடிக்கறதுன்னா நீங்களே அடிங்க மேடம். ஓரத்துல காரணம் எழுதி சைன் போடணும். ரூலு."

ரூல்தான். ஆய்வகப் பதிவேட்டில் எதை அடித்தாலும் பக்கத்தில் காரணம் எழுத வேண்டும் என்று முதல் பக்கத்திலேயே அச்சடித்திருக்கும். பாமா அந்த வரியின் குறுக்கே ஒரு கோடு போட்டாள். ஓரத்தில் இடம் கொஞ்சம்தான் இருந்தது. பொடி எழுத்தில் எழுதினாள்: "மூன்றாவது சாம்பிளில் நான் பார்த்தது அழுக்கு இல்லை. கிளாரன்ஸின் கை அன்று சுத்தமாகத்தான் இருந்தது. தெரியாமல் பேசினேன். மன்னிக்கவும்." இந்தத் தடவை முழுக்கப் படித்தாள், இரண்டு தடவை. பிறகு கையெழுத்துப் போட்டாள்.

கிளாரன்ஸ் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பினார். சட்டைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, விரலை வைத்து ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார். வெகுநேரம் படித்தார். நாலு வரிக்கு அவ்வளவு நேரம் ஆகாது. பாமா பள்ளிக்கூடப் பெண் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். புத்தகத்தை மறுபடி அவள் பக்கம் தள்ளினார்.

"தேதி போடல மேடம்" என்றார்.

பாமா தேதி போட்டாள். கிளாரன்ஸ் அலமாரியைத் திறந்து பசை டப்பாவையும் தூரிகையையும் எடுத்து மேஜைமேல் வைத்து, தொட்டிக்குப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து, முதல் வில்லையைத் தானே எடுத்துப் பூச ஆரம்பித்தார்.